பேச்சு டாக்டரின் பேச்சு

அந்த ஆஸ்பத்திரியில் அவனைப் பேச்சு டாக்டர் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். உண்மையில் அவன் டாக்டர் இல்லை. வாதம் வந்தோ தலையில் அடிபட்டோ நாக்குக் குழறிப்போனவர்களை மறுபடியும் பேசப் பழக்குகிற பயிற்சியாளன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், "நான் டாக்டர் இல்லைங்க" என்று திருத்திப் பார்த்தான். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. போகட்டும் என்று விட்டுவிட்டான்.

எக்ஸ்ரே எடுக்கும் இடத்துக்கும் துணி வெளுக்கும் இடத்துக்கும் நடுவில் அவனுக்கு ஒரு சின்ன அறை. சுவரில் ஒரு பெரிய கண்ணாடி. நோயாளி தன் வாயைத் தானே பார்த்துக்கொண்டு பேச வேண்டும் என்பதற்காக. மேஜையில் ஊதிப் பழக ஸ்ட்ராக்கள், நாக்கை அழுத்திப் பார்க்க மரக்குச்சிகள், படம் போட்ட அட்டைகள், குரலைப் பதிவு செய்யும் ஒரு சின்னக் கருவி. பக்கத்து அறையில் இயந்திரம் துணியைச் சுழற்றும்போது மேஜை லேசாக அதிரும்.

அவனுடைய பேச்சைப் பற்றி ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் பெருமை. ழகரமும் ளகரமும் தனித்தனியாகக் கேட்கும். ஒரு எழுத்துக்கூடச் சிந்தாது, ஒரு இடத்தில்கூட இழுக்காது. "டோக்கன் வைத்திருப்பவர்கள் மட்டும் உள்ளே வரவும்" என்று ஒலிபெருக்கியில் நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பது அவனுடைய குரல்தான். "உங்களுக்கு எந்தப் பக்கம் சார்? பேச்சை வெச்சுக் கண்டே பிடிக்க முடியல" என்று நர்ஸுகள் கேட்பார்கள். அவன் சிரித்துக்கொள்வான். அதைவிடப் பெரிய பாராட்டு அவனுக்குத் தெரியாது.

கண்டுபிடிக்க முடியாமல் செய்வதற்கு அவன் பட்ட பாடு அவனுக்குத்தான் தெரியும். பதினெட்டு வயதில் கல்லூரி விடுதிக்கு வந்து சேர்ந்த அன்றே, சாப்பாட்டு மேஜையில், "இன்னொரு வாளப்பளம் கெடைக்குமாஅ?" என்று கேட்டுவிட்டான். அவன் பக்கத்து ஜனங்களின் பேச்சே அப்படித்தான். ழகரம் கிடையாது. வாக்கியத்தின் கடைசி எழுத்தை மேலே தூக்கி, கொஞ்ச நேரம் அந்தரத்தில் நிறுத்தி, அப்புறம் மெல்ல இறக்குவார்கள். மேஜையில் இருந்த அத்தனை பேரும் கோரஸாக, "கெடைக்குமாஅ?" என்று தூக்கி இறக்கினார்கள். அன்று இரவே அவனுக்கு 'ஊஞ்சல்' என்று பெயர் விழுந்தது. அதற்குப் பிறகு குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுச் செய்தித்தாளைச் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தான். நாக்கை மடித்து மடித்து அடிநாக்கு வலிக்கும். படிப்பை முடித்து வெளியே வரும்போது, ஊஞ்சல் என்று ஒருவன் இருந்தான் என்பதே யாருக்கும் ஞாபகமில்லை.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் ஊஞ்சல் பாக்கி இருந்தது. அண்ணனோடு பேசும்போது. அண்ணன் லாரிகளுக்குத் தார்ப்பாய் தைப்பவர். அப்பா போன பிறகு இவனைப் படிக்க வைத்தவர். அவர் குரலைக் கேட்ட மாத்திரத்தில் இவன் நாக்கு தானாகப் பழைய வீட்டுக்குப் போய்விடும். அதனால் அண்ணனின் போன் வந்தால் பின்பக்க மாடிப்படிக்கு ஓடிவிடுவான். வீட்டில் மனைவி பக்கத்தில் இருந்தால், "ம்", "சரி", "ஆகட்டும்" என்று மட்டும் சொல்வான். அந்த வார்த்தைகளில் ழகரமும் இல்லை, இழுப்பதற்கு இடமும் இல்லை. "உங்கண்ணன்கிட்ட மட்டும் ஏன் இப்படி முறைச்சுக்கிட்டே பேசுறீங்க?" என்று மனைவி கேட்டிருக்கிறாள்.

இப்படி இருக்கும்போதுதான் சைரன் அக்கா வந்தார்.

மொத்தக் காய்கறிச் சந்தையில் ஒரு மண்டியில் ஏலம் விடுகிற பெண்மணி அவர். கவிழ்த்துப் போட்ட கூடை மேல் ஏறி நின்று குரல் கொடுத்தால் சந்தையின் அந்தக் கோடி வரை கேட்கும். அதனால் வந்த பெயர். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். அதே சந்தையில் மூட்டைகளை எடை போடும் கணவர், ஒரு கையில் மருந்துப் பையும் மறு கையில் மனைவியின் முழங்கையுமாக அழைத்து வந்தார். வாதத்தில் கைகால் தப்பித்துவிட்டது. முகத்தில் இடது பக்கம் மட்டும் தொங்கிப்போயிருந்தது.

"தம்பீஇ, வாயி ஒரு பக்கம் லீவு போட்ருச்சூஉ" என்றார் குழறலாக. சொல்லிவிட்டு, நல்லாயிருந்த பக்கத்தால் சிரித்தார்.

குழறலுக்கு அடியில் இருந்த அந்த ஏற்றத்தையும் இறக்கத்தையும் இவன் கேட்டதுமே கண்டுகொண்டான். இது அவனுடைய அம்மா பேசிய பேச்சு. ஆனால் முகத்தில் ஒன்றும் காட்டாமல் பட அட்டைகளை எடுத்தான்.

"இது என்ன, சொல்லுங்கம்மா."

"வாளப்பளம்."

நாக்கு மடங்கவில்லை என்று குறித்துக்கொண்டான். வாக்கிய முடிவில் குரல் கட்டுப்பாட்டில் இல்லை என்றும் குறித்துக்கொண்டான். இரண்டும் பொய் இல்லை. ஏன் மடங்கவில்லை என்ற கேள்வியைத்தான் அவன் தன்னிடம் கேட்டுக்கொள்ளவில்லை. வழக்கமாக முதல் நாளே, கூட வந்தவர்களிடம், "இதுக்கு முன்னாடி எப்படிப் பேசுவாங்க?" என்று கேட்பான். எல்லோரிடமும் கேட்பான். எடைக்காரரிடம் அன்று கேட்கவில்லை.

அக்கா வாரத்தில் மூன்று நாள் வந்தார். "பா பா பா, தா தா தா, கா கா கா" என்று கண்ணாடியைப் பார்த்துச் சொல்வார். ஸ்ட்ராவில் ஊதித் தண்ணீரில் குமிழி விடுவார். "இந்த வயசுல இத வேற பண்ண வெக்கிறீங்க" என்று சிரிப்பார். பயிற்சியை ஒரு நாளும் தட்டிக்கழித்தது இல்லை. வாய் மெல்ல மெல்ல நிமிர்ந்தது. குழறல் குறையக் குறைய வாயாடித்தனம் கூடியது.

"நீங்கல்லாம் பேசுனா எனக்குத் தந்தி அடிக்கிற மாதிரி இருக்குது தம்பி" என்றார் ஒருநாள். "டக்கு டக்குன்னு வெட்டி வெட்டி. சந்தைக்கு வர்ற மத்த பக்கத்து ஆளுங்களும் ஒவ்வொருத்தரும் ஒரு தினுசாப் பேசுறாங்க. ஒருத்தரு மூக்கால பேசுறாரு, ஒருத்தரு விளுங்கி விளுங்கிப் பேசுறாரு. நாங்க மட்டுந்தான் சாதாரணமாப் பேசுறோம்."

எடைக்காரரும், "ஆமாங்க, எங்களுது சாதாப் பேச்சூஉ" என்று தலையாட்டினார்.

அவன் சிரித்தான். சிரிப்பு முடிந்ததும் காது மடல் சுட்டது. இவ்வளவு வருஷமாக இந்த அம்மாவிடம் யாரும், உன் பேச்சு ஒரு மாதிரி என்று சொன்னதே இல்லை. அதை நினைத்தால் பொறாமையாகக்கூட இருந்தது.

சில வாரங்களில் குழறல் சுத்தமாகப் போய்விட்டது. வேறு யாராவது நோயாளியாக இருந்தால் அன்றோடு அனுப்பியிருப்பான். ஆனால், "இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கும்மா" என்றான்.

"என்ன பாக்கி? எனக்குச் சரியாத்தான் இருக்குது. நான் எப்பவும் பேசுற மாதிரியேதான் பேசுறேன்."

"அப்படித்தாம்மா தோணும். குழறுறவங்களுக்குத் தங்களோட குழறல் காதுல விழாது."

அவன் தொழிலில் அது உண்மையான வார்த்தை. அந்த உண்மையை எடுத்து அவர் வாயை அடைத்தான். கெட்ட எண்ணத்தோடு செய்தான் என்று சொல்ல முடியாது. விடுதி மேஜையில் தனக்கு நேர்ந்தது இந்த அம்மாவுக்கு எங்கேயும் நேர்ந்துவிடக் கூடாது என்று நினைத்தான். அப்படித்தான் தனக்குச் சொல்லிக்கொண்டான்.

அந்த வாரம்தான் மாடிப்படியில் அது நடந்தது.

அண்ணன் போன் செய்திருந்தார். இவன் பின்படியில் உட்கார்ந்து, "மளை பேஞ்சு கெடுத்துருச்சாஅ? அய்யோ, தச்சதெல்லாம் நனஞ்சுருச்சாண்ணேஎ?" என்று சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தான். போனை வைத்துவிட்டு நிமிர்ந்தால், இரண்டு படி கீழே சைரன் அக்கா. படுத்துக் கிடந்த உடம்புக்குப் பலம் வரட்டும் என்று எடைக்காரர் அவரை அந்தப் படிகளில் ஏற்றி இறக்கிப் பழக்கிக்கொண்டிருந்தார். அக்காவின் முகம் முழுக்க மலர்ந்திருந்தது. தொங்கின பக்கமும் சேர்ந்து.

"அட, நீங்க நம்ம பக்கமாஅ தம்பீஇ? இத்தனை நாளா சொல்லவே இல்லையேஎ!"

அந்த நேரம் பார்த்து மேலே இருந்து இரண்டு நர்ஸுகள் இறங்கி வந்தார்கள். ஒருத்தி, "என்ன சார், யாரோ புதுசா ஒருத்தர் பேசுற மாதிரி இருந்துச்சு?" என்றாள்.

யோசிக்கக்கூட இல்லை அவன். "இல்லம்மா, நான் அந்தப் பக்கமெல்லாம் இல்ல" என்று அக்காவிடம் சொன்னான். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். "என் ஃப்ரெண்ட் ஒருத்தன் அப்படித்தான் இழுப்பான். அவனை ஓட்டுறதுக்காகச் சும்மா அவன மாதிரியே பேசுவேன். கேலிக்கு."

நர்ஸுகள் சிரித்தார்கள். "சூப்பரா வருது சார், இன்னொரு தடவ பேசிக் காட்டுங்க" என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

அக்கா சிரிக்கவில்லை. "ஓ, கேலிக்கா" என்றார். அவ்வளவுதான். கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். போகிற வழியில் தணிந்த குரலில், "ஏங்க, நாம பேசுறது கேலி பண்ற மாதிரியா இருக்குது?" என்று கேட்டது அவன் காதில் விழுந்தது.

அடுத்த நாள் வந்த சைரன் அக்கா வேறு ஆள். தந்தி, மூக்கு, விழுங்கல் என்று ஒரு பேச்சும் இல்லை. கண்ணாடி முன் நேராக உட்கார்ந்து, "அந்த ழானாவை எப்படிச் சொல்லணும், காட்டுங்க தம்பி" என்றார். இவன் நாக்கை மடித்துக் காட்டினான். அவரும் மடித்தார். வராது. திரும்ப மடிப்பார். வாக்கியத்தின் முடிவு மேலே போகப் போகிறது என்று தெரிந்தால் கையால் வாயைப் பொத்திக்கொண்டு முதலில் இருந்து ஆரம்பிப்பார். இவ்வளவு வேகமாகக் கற்றுக்கொண்ட நோயாளியை அவன் பார்த்ததே இல்லை. எது அவரை அப்படித் துரத்துகிறது என்று அவனுக்குத் தெரியும். தெரிந்தே, "நல்லா வருதும்மா, இன்னொரு தடவ" என்றான்.

எடைக்காரர் மட்டும் ஒருநாள் அறைக்கு வெளியே அவனைத் தனியாகப் பிடித்தார். "வீட்லயும் ரேடியோ மாதிரியே பேசுறா டாக்டர். நேத்து என்னத் திட்டுனா பாருங்க, செய்தி வாசிக்கிற மாதிரியே இருந்துச்சு. எனக்குப் பயமாப் போச்சு" என்று சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. "நானும் அந்த மாதிரி பழகிக்கணும்னு சொல்றா. எனக்கு வரல."

"அவங்க குணமாகிட்டு வர்றாங்க. அவ்வளவுதான்" என்றான் இவன்.

பயிற்சி முடிந்த அன்று பெரிய டாக்டர் வந்து அக்காவின் பேச்சைக் கேட்டு அசந்துபோனார். முதல் நாள் பதிவையும் கடைசி நாள் பதிவையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டச் சொன்னார். "நம்ம ஆஸ்பத்திரி விளம்பரத்துக்கு இதையே வெச்சுக்கலாம். அவங்க ஏலம் விடும்போது ஒரு வீடியோ எடுத்துட்டு வாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அக்கா மறுபடி வேலைக்குப் போகிற முதல் நாள் காலையில் அவனும் சந்தைக்குப் போனான். விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. தரையெல்லாம் கோஸ் இலை. தள்ளுவண்டிகள் இடித்துக்கொண்டு போயின. வியாபாரிகள் அக்காவைச் சூழ்ந்துகொண்டு, "வாக்கா, நீ இல்லாம சந்தைக்கே ஜுரம் வந்துருச்சு" என்றார்கள். அக்கா நல்ல புடவை கட்டியிருந்தார். கூடை மேல் ஏறினார். இவன் போனைத் தூக்கிப் பிடித்தான்.

"தக்காளி. முதல் தரம். விருப்பம் உள்ளவர்கள் விலை கேட்கலாம்."

கூட்டத்தில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு யாரோ, "அக்கா, அடுத்து வானிலை அறிக்கையா?" என்றான். சந்தையே சிரித்தது. அக்காவும் சிரிக்கப் பார்த்தார். "கேலி பண்ணாதீர்கள். விலை கேளுங்கள்" என்றார். சிரிப்பு இன்னும் பெரிதானது.

தக்காளி எப்படியோ போய்விட்டது. கோஸ் குவியலில்தான் வம்பு வந்தது. அந்த மண்டியில் மணியும் கிடையாது, மேஜை தட்டுவதும் கிடையாது. அக்கா கடைசி விலையைச் சொல்லி, அந்தக் கடைசி எழுத்தை மேலே தூக்கி நிறுத்துவார். குரல் மேலே நிற்கிற வரைக்கும் யாரும் ஏற்றிக் கேட்கலாம். குரல் இறங்கிவிட்டால் ஏலம் முடிந்தது. இத்தனை வருஷமாக வியாபாரிகள் அந்த இழுப்பை வைத்துத்தான் விலை கேட்டுக்கொண்டிருந்தார்கள். இப்போது அந்த இழுப்பு இல்லை. விலை, விலை, விலை என்று வெட்டு வெட்டாக வந்தது. முடிந்ததா இல்லையா என்று யாருக்கும் தெரியவில்லை. ஒரு குவியலுக்கு இரண்டு பேர் சொந்தம் கொண்டாடினார்கள்.

"எனக்கு முடிச்சாங்கய்யா!"

"எங்க முடிச்சாங்க? நான் கேட்டேனே!"

ஒருவன் மூட்டையை இழுக்க, இன்னொருவன் அவன் சட்டையைப் பிடித்தான். "அக்கா, முடிச்சியா இல்லையா, ஒழுங்காச் சொல்லு" என்று இருவரும் அவரைப் பார்த்துக் கத்தினார்கள். அக்கா கூடை மேல் நின்றபடி வாயைத் திறந்தார். பழைய குரல் வரப் பார்த்தது. "முடிச்சே" என்று தொடங்கி, பேச்சு டாக்டர் போனைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்ததும் கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

மண்டி முதலாளி அவரைக் கைத்தாங்கலாக இறக்கிவிட்டார். "இன்னும் கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்கக்கா. அவசரமில்ல" என்று நல்லவிதமாகத்தான் சொன்னார். எடைக்காரர் தராசை விட்டு நகர முடியாமல் தூரத்தில் இருந்தே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவன் போனை அணைத்துச் சட்டைப் பைக்குள் போட்டான். அப்படியே நழுவிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. கால் தெருப்பக்கம் திரும்பவும் செய்தது. அப்புறம் மண்டிக்குப் பின்னால் போனான். அக்கா காலிச் சாக்குகளின் மேல் உட்கார்ந்திருந்தார்.

"மன்னிச்சுக்குங்க தம்பி. உங்க பேரைக் கெடுத்துட்டேன்" என்றார். அப்போதும் இழுக்காமல், வெட்டி வெட்டித்தான் சொன்னார்.

"அம்மா, நீங்க பழைய மாதிரியே பேசுங்க."

"அது எப்படி? அது நோய்தானே?"

"இல்லம்மா. நோய் முன்னாடியே குணமாயிருச்சு. அது உங்க பேச்சு."

அக்கா அவனை நிமிர்ந்து பார்த்தார். "அப்ப எதுக்கு மாத்துனீங்க?"

சொன்னால் போதாது, காட்ட வேண்டும் என்று நினைத்தான். "நானும் உங்க பக்கந்தாம்மாஆ. சின்ன வயசுல இப்படித்தான் பேசுவேனேஎ" என்றான்.

பதினைந்து வருஷமாக அண்ணனைத் தவிர யாரிடமும் பேசாத பேச்சு. வேண்டுமென்று எடுத்ததும் மேடையில் நடிக்கிறவனுடைய பேச்சாக வந்தது. தூக்க வேண்டிய இடத்தில் அதிகமாகத் தூக்கி, இறக்க வேண்டிய இடத்தில் தொப்பென்று போட்டான். அவன் காதுக்கே விடுதி மேஜைக் கோரஸ் மாதிரி இருந்தது.

அக்காவின் முகம் சிவந்தது. "போதும் தம்பி. அன்னைக்கு மாடிப்படியில கேட்டதே போதும். இன்னொரு தடவ வேண்டாம்."

தன் சொந்தப் பேச்சைத் தானே பேசினாலும் நம்ப ஆள் இல்லை. அவன் போனை எடுத்து அண்ணனை அழைத்தான். குரல் வெளியே கேட்கும்படி வைத்துக்கொண்டான். அந்தப் பக்கம் தையல் இயந்திரத்தின் சத்தம்.

"என்னடாஆ, காலங்காத்தால? ஒடம்பு கிடம்பு சரியில்லையாஅ?"

"நல்லாத்தான் இருக்கேண்ணேஎ" என்று சொல்லும்போதே அவன் நாக்கு தானாக வழிக்கு வந்துவிட்டது. அக்கா தலையைத் திருப்பினார். "இங்க ஒரு அக்கா இருக்காங்கண்ணே. அன்னைக்கு நான் ஒங்கிட்டப் பேசுனத இவங்க கேட்டுட்டாங்க. நம்ம பக்கமான்னு கேட்டாங்க." அதற்கு மேல் வரவில்லை. வரவழைத்தான். "நான் இல்லன்னுட்டேன். கேலிக்குப் பேசுனேன்னு சொல்லிட்டேண்ணே. ஒன்னயத்தான் ஃப்ரெண்டுன்னும் சொன்னேன்."

தையல் இயந்திரம் நின்றது.

அண்ணன், "அக்காகிட்டக் குடு" என்றார். "அக்கா, அவன் என் கூடப் பொறந்தவந்தாக்கா. நம்ம பக்கந்தான். சின்னதுல இருந்தே கொஞ்சம் பயந்தாங்கொள்ளிப் பய. மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்கக்காஅ."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். அண்ணன் அவனுக்காகப் பரிந்து பேசினார். அதைத்தான் தாங்க முடியவில்லை.

அக்கா மெல்ல, "இல்ல தம்பி, என்ன வெச்சுக்கப் போறேன்" என்றார். அப்புறம், "அங்க மளை எப்படிஇ?" என்று கேட்டார். அண்ணன் மழையைச் சொன்னார். தார்ப்பாய் விலையைச் சொன்னார். அக்கா வாயி லீவு போட்ட கதையைச் சொன்னார். இரண்டு பேரின் பேச்சும் ஏறி இறங்கி, ஒன்றின் வால் மேல் இன்னொன்றின் தலை விழுந்து போய்க்கொண்டே இருந்தது. அவன் நடுவில் போனைப் பிடித்துக்கொண்டு கம்பம் மாதிரி நின்றான். அவனை யாரும் எதுவும் கேட்கவில்லை.

பேசி முடித்ததும் அக்கா, "உங்க அண்ணன் நல்ல மனுசன்" என்றார். "நீங்க ஏன் தம்பி அப்படிச் சொன்னீங்க?"

"வெக்கமா இருந்துச்சும்மா."

"எதுக்கு? எங்களப் பாத்தா?"

அவன் தரையைப் பார்த்தான். இல்லை என்று சொல்ல வாய் வந்தது. இன்னொரு பொய் சொல்ல மனசு வரவில்லை. அக்கா கொஞ்சம் காத்திருந்துவிட்டு, சாக்கைத் தட்டி எழுந்து, கணவர் இருந்த பக்கம் நடந்தார்.

அதற்குப் பிறகு அவர் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. அவன்தான் விடுமுறை நாட்களில் அவர்கள் வீட்டுக்குப் போனான். பழைய பேச்சைத் திரும்பக் கொண்டுவர ஏதாவது செய்ய வேண்டும் என்று எடைக்காரரிடம் சொன்னான். அவர் தன் போனில் இருந்து ஒரு வீடியோவைத் தேடி எடுத்தார். நோய் வருவதற்கு முந்தின வருஷம், உருளைக்கிழங்கு மூட்டைகளுக்கு நடுவில் அக்கா ஏலம் விடுகிற காட்சி. "உருளக்கெளங்கூஉ, யாரு கேக்குறாஆ" என்று குரல் மேலே போய் நின்றது.

அக்கா அதைப் பார்த்து வாயில் கை வைத்தார். "இது நானா? இப்படியா இழுப்பேன்?"

"இப்படித்தான் எப்பவும்" என்றார் எடைக்காரர், சந்தோஷமாக.

"எனக்குத் தெரியவே தெரியாதே. நான் சாதாரணமாப் பேசுறேன்னு இல்ல நெனச்சேன்." இன்னொரு முறை போடச் சொல்லிக் கேட்டார். மூன்றாவது முறை வேண்டாம் என்றுவிட்டார். "ஒரு தடவ காதுல விழுந்துட்டா அப்புறம் விழாம இருக்க மாட்டேங்குது தம்பி" என்று அவனைப் பார்த்துச் சொன்னார். குற்றமாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னார்.

அவர் ஏலத்துக்குத் திரும்பினார். இழுப்பும் திரும்பியது. வியாபாரிகள் பழையபடி குரல் இறங்குவதைக் கேட்டு ஒதுங்கினார்கள். சந்தைக்கு எல்லாம் சரியாகிவிட்டது. அவன் மட்டும் ஓரமாக நின்று ஒருநாள் கேட்டான். வாழைத்தாரும் கிழங்கும் வரும்போது அக்காவின் குரல் ஒரு மூச்சு அளவுக்குத் தயங்கியது. நாக்கை மடிப்பதா வேண்டாமா என்று உள்ளே ஒரு கேள்வி ஓடிவிட்டுத்தான் வார்த்தை வெளியே வந்தது. அது வேறு யார் காதிலும் விழவில்லை.

பெரிய டாக்டரிடம் போய், இது விளம்பரத்துக்கு ஏற்ற கேஸ் இல்லை, நான் தப்பாகப் பயிற்சி கொடுத்துவிட்டேன் என்றான். "நல்லாத்தானே பேசுறாங்க? அப்புறம் என்ன தப்பு?" என்று அவர் அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டார். திட்டு வாங்கக்கூட அவனுக்குக் கொடுத்துவைக்கவில்லை.

அடுத்த வாரம் அண்ணன் போன் செய்தார். இவன் நோயாளிகள் காத்திருக்கும் கூடத்தில், நர்ஸுகளுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தான். அன்று மாடிப்படிக்கு ஓடவில்லை. அங்கேயே நின்று, எல்லோர் காதிலும் விழட்டும் என்று, "சொல்லுண்ணேஎ" என்றான். ஒரு நர்ஸ் திரும்பிப் பார்த்தாள். பார்க்கட்டும் என்று இருந்தான்.

"வணக்கம். சாப்பிட்டாயா?" என்றார் அண்ணன். "வேலை எல்லாம் எப்படி இருக்கிறது? பிழ்ழைகள் பழ்ழிக்கூடம் போகிறார்களா?"

விளையாடுகிறார் என்று நினைத்து இவன் சிரித்தான். அந்தப் பக்கம் சிரிப்பு இல்லை. அண்ணன் ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். மடிக்க வேண்டாத இடத்தில் எல்லாம் நாக்கை மடித்துக்கொண்டு.

"அண்ணே, ஏண்ணே இப்படிப் பேசுறே?"

"பக்கத்துல யாராச்சும் இருப்பாங்கல்ல."

"இருந்தா என்னண்ணே? இருக்கட்டுமே."

"இல்லப்பா. ஒனக்கு அங்க ஒரு மரியாதை இருக்குது" என்றார். டேய் என்று அவர் ஒரு முறைகூடச் சொல்லவில்லை.

இவன் தன் பேச்சில் பேசிப் பார்த்தான். எதிர்ப்பக்கம் அந்தக் குரல் ஏறி இறங்காமல் இவனுடையதும் ஏறவில்லை. இரண்டு வாக்கியத்துக்குள் பழக்கிக்கொண்ட ஆஸ்பத்திரித் தமிழுக்கே வந்துவிட்டான். மழையைப் பற்றி, செய்தி வாசிப்பவர்களைப் போல, இருவரும் கொஞ்ச நேரம் பேசினார்கள். அன்று அண்ணன்தான் முதலில் போனை வைத்தார்.